புளிசாதம் இரண்டு

தொண்ணூறுகளின் நடுவில் நான் அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்ற ஊரில் பிஎச்.டி. செய்தபோது, எங்கள் ஆய்வுக்கூடத்தில் சீனியர் ஒருவர் இருந்தார். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் பேனாவோடு எப்போதும் ஒரு ஸ்பூன்.

படித்த கட்டுரைகளை எல்லாம் கணினியில் ஒரே பட்டியலில் சேர்ப்போம். ஒவ்வொன்றுக்கும் ‘கீ’ என்று ஒரு சிறு பெயர் வேண்டும். எழுதும்போது அதைத் தட்டினால் போதும், முழு விவரத்தையும் மென்பொருளே அச்சில் போட்டுவிடும். ஊரெல்லாம் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் கீயாக வைக்கும். இவர் லஞ்ச் நேரத்தில் படிப்பவர். அன்றைய சாப்பாட்டையே வைத்துவிடுவார்; அதே சாப்பாடு திரும்ப வந்தால் கூடவே ஒரு எண்.

“பேர் மறந்துடும், வருஷம் மறந்துடும். சாப்பிட்டது மறக்குமாப்பா?”

எந்தக் கட்டுரையைக் கேட்டாலும், “அதுவா? புளிசாதம் ரெண்டு” என்று உடனே பதில் வரும். எங்கள் அமெரிக்கப் பேராசிரியரே அர்த்தம் தெரியாமல் வத்தக்குழம்பை மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தார்.

வாய்விட்டு யாரையும் பாராட்ட மாட்டார். நல்ல கட்டுரைகளை மட்டும் பிரியாணி கொண்டுவரும் நாளுக்கு ஒதுக்கி வைப்பதாகப் பேச்சு. அதனால் என் முதல் கட்டுரை வெளிவந்ததும் ஆசையோடு பட்டியலைத் திறந்தேன். கீ: ‘சாப்பிடல’.

“என்னண்ணா இது?”

“அன்னிக்கு லஞ்ச் சாப்பிடலப்பா. உன் பேப்பர் படிச்சிட்டிருந்தேன்.”

“நல்லா இருந்துச்சா?”

ஸ்பூனைத் துடைத்துப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

பசியை மறந்து படித்தாரா, படித்ததும் பசியே போய்விட்டதா என்று இன்றுவரை தெரியவில்லை. போன வாரம் அந்தக் கட்டுரையை நானே எடுத்துப் படித்தேன். இரண்டாம் பக்கத்திலேயே எனக்குப் பசிக்க ஆரம்பித்துவிட்டது.