தண்ணி விழுகிற சேதி

குற்றாலம் பக்கத்து ஆட்களை யார் போனில் கூப்பிட்டாலும் முதல் கேள்வி "தண்ணி விழுதா?" என்பதுதான். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். ஐந்தருவியில் நாலு ரூம் வாடகைக்கு விடும் பிச்சுமணி அண்ணாச்சி இதற்கு ஒருநாளும் பொய் சொன்னதில்லை. பாறை காய்ந்து கிடந்தால், "வராதீங்க, வீண் அலைச்சல்" என்று தன் பிழைப்பில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வார்.

சீசனில் பதில் சொல்லி வாய் வலித்ததால், முன்பு வந்து தங்கியவர்களுக்கெல்லாம் தாமே எஸ்.எம்.எஸ். அனுப்ப ஆரம்பித்தார்: "தண்ணி விழுது. ரூம் இருக்கு." ஒருவர் "இனி அனுப்பாதீர்கள்" என்று பதில் போட்டார். அண்ணாச்சி அவருக்கு மட்டும் 'ரூம் இருக்கு' என்பதை எடுத்துவிட்டு மற்றதை அனுப்பினார். ரூம்தானே விளம்பரம்? தண்ணி விழுவது ஊர்ச் சேதி அல்லவா? இப்படி ஒரு நியாயம் வேறு எந்த ஊரிலும் உதிக்காது.

ஒரு நாள் அவர் போனிலிருந்து யாரையும் கூப்பிட முடியவில்லை. தென்காசியில் சிம் கடை வைத்திருக்கும் வேல்விழி விசாரித்துச் சொன்னாள்.

"கேக்காதவங்களுக்கு விளம்பரம் அனுப்புதீங்கன்னு புகார் போயிருக்கு அண்ணாச்சி. பதினஞ்சு நாளைக்கு போன் வரும், நீங்க கூப்பிட முடியாது. மறுபடி புகார் வந்தா ஒரு வருஷத்துக்கு கனெக்‌ஷனே கிடையாது."

"இந்தத் தடையெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானம்மா?"

"விளம்பரம் அனுப்பினா நீங்களும் கம்பெனிதான்."

ஊரெல்லாம் அறிந்த நம்பர் அது. அது போனால் பிழைப்பும் போச்சு. ஆனால் பயத்தைவிட, புகார் கொடுத்தது யார் என்ற ஆவல்தான் அண்ணாச்சியைப் பிடுங்கித் தின்றது. தண்ணி விழுவது பிடிக்காத மனுஷனும் உண்டா? "ஜலதோஷக்காரனா இருக்கும்" என்றேன், அப்போது அவர் ரூமில் தங்கியிருந்த நான். அவர் சிரிக்கவில்லை.

அந்த வாரமே ஒரு போன் வந்தது. கீழப்பாவூர் சங்கிலிப்பாண்டி, ராணுவத்தில் இருப்பவன்.

"நான்தான் அண்ணாச்சி புகார் குடுத்தது. ராஜஸ்தான் மணல்ல கெடந்தேன், லீவு கிடைக்கல. அனுப்பாதீங்கன்னு சொல்லியும் நீங்க தண்ணி விழுது, தண்ணி விழுதுன்னு அனுப்புதீங்க. அழுகையா வந்துச்சு. இப்ப லீவுல வந்துட்டேன். தண்ணி விழுதா?"

"விழலலே" என்றார், உள்ளபடி.

"விழுந்தா சொல்லுங்க."

"எப்படிலே சொல்ல? நீதான் என் வாயைக் கட்டிட்டியே!"

மலையில் மழை இறங்கி அருவி விழுந்த அன்று, பக்கத்துக் கடைக்காரர் தன் போனை நீட்டினார். அண்ணாச்சி அதைத் தொடவில்லை, பயம் அப்படி. பஸ் பிடித்துக் கீழப்பாவூர் போய், வீடு விசாரித்துக் கதவைத் தட்டினார்.

திறந்தவன் சங்கிலிப்பாண்டியேதான்.

"ஏலே, ஒண்ணு சொல்லட்டுமா?" என்று முதலில் அனுமதி கேட்டார்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"தண்ணி விழுது."

அவன் துண்டை எடுக்க உள்ளே ஓடினான்.