ஓலைப் பக்கத்தில் ஒரு மாற்றம்

ராயபுரத்தில் எங்கள் மாதா கோவிலுக்கு ஒரு இணையதளம் இருந்தது. கட்டியவன் நான். பாடகர் குழுவில் சேரப் போனேன். குரலைக் கேட்டுவிட்டு இந்த வேலையைக் கொடுத்தார்கள்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. வளைகுடாவில் இருப்பவர்களும் பார்க்கட்டும் என்று நான் அதைத் தளத்திலும் போட்டேன். மணமக்களின் படம், வயது, வேலை என்று கூடுதலாகவே போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை.

தளத்தை யாராவது கெடுத்துவிடுவார்கள் என்று எனக்கு ஓயாத பயம். சர்வர் அமெரிக்காவில் இருந்தது. அதன் கடிகாரம் எந்த ஊர் நேரம் காட்டுகிறது என்று கடைசிவரை புரியாததால், கோப்புகளின் தேதியை விட்டுவிட்டு அளவை மட்டும் என் ஃபிளாப்பியில் இருந்த பிரதியோடு ஒப்பிடுவேன். அளவு ஒன்றாக இருந்தால் யாரும் தொடவில்லை என்று கணக்கு.

என் அக்காவுக்குத் துபாயில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையோடு நிச்சயமாகியிருந்தது. அவளுடைய இரண்டாம் ஓலை முடிந்த வாரம், கோப்புகளை இறக்கி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் ஒரு புரோகிராம் எழுதினேன். ஒரு கோப்பு மாறியிருக்கிறது என்றது. அக்காவின் பக்கம்தான். 29 என்று நான் போட்ட வயது 34 ஆகியிருந்தது. இரண்டு எழுத்து போய் இரண்டு எழுத்து வந்ததில் அளவு அப்படியே இருந்தது.

34 என்பது உண்மை. 29 என்பது மாப்பிள்ளை வீட்டில் அப்பா சொன்னது. வந்த வரன்களெல்லாம் வயதைக் கேட்டே திரும்பிப் போயிருந்தன. எவனோ ஹேக்கர் என்று அக்காவிடம் ஓடினேன். அவள் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு கிளியரிங் ஆபீஸில் டைப்பிஸ்ட். அங்கே இன்டர்நெட் உண்டு. தளத்தின் பாஸ்வேர்டு என் பிறந்தநாள்.

“நான்தான்டா மாத்தினேன்,” என்றாள். “மாப்புள வாணான்னா இப்பவே சொல்லட்டும். கட்டிக்கினு போன அப்பால சொல்லிக் காட்ட வாணாம்.”

“அவரு இன்னா சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. பாத்தாரான்னே தெர்ல.”

“அப்பா போட்டதையே திரும்பப் போட்டுடவா?”

“கைய வெச்சுப் பாரு.”

மூன்றாம் ஓலையும் வாசித்தார்கள். தடை சொல்ல யாரும் வரவில்லை. அக்கா அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. பந்தல்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை துபாயிலிருந்து மாப்பிள்ளை பேசினார். போனை எடுத்தவன் நான்.

“மச்சான், அந்தப் பக்கத்த நீதானே பாத்துக்கிற? பொண்ணு வயசு மொதல்ல இருபத்தொம்போதுன்னு இருந்துச்சு, அப்பால முப்பத்திநாலாயிருச்சு.”

“எப்ப பாத்தீங்க?”

“மாத்துன அன்னிக்கே. தெனம் அவ போட்டோவப் பாத்துகினுதான் கீறேன்.”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எனக்கு முப்பத்தஞ்சுன்னு கீதே, அது எங்கம்மா சொன்னது. நாப்பத்தொண்ணு. அதையும் மாத்திடு. அவளாண்ட நீயே சொல்லிடு, எனக்கு பயமா கீது.”

அக்காவிடம் சொன்னேன். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு, சோறு இருக்கிறதா என்று கேட்டாள்.