பேராதனையில் பெரட்டு

கலஹா தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய ராஜலிங்கத்துக்குப் பிரஷரும் இல்லை, சீனி வருத்தமும் இல்லை. பெரட்டுப் பயம் மட்டும்தான் உண்டு. விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுக்கப் பிந்தினால், கங்காணி பெயரை வெட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்.

தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்திலிருந்து முதன்முதலாகப் பேராதனைப் பல்கலைக்கழகம் போனவள் அவர் மகள் நிலூஷா. அவளை முதல் பஸ்ஸில் ஏற்றிக் கூடவே போனார்.

"விரிவுரை ஒன்பது மணிக்குத்தான் ஐயா," என்று வாசல் காவலாளி கொட்டாவி விட்டார்.

"பிந்தினா பேரை வெட்டிருவாங்க!"

"அப்பா, இங்க பெரட்டு இல்ல. மானத்த வாங்காதீங்க."

"நீ சும்மா இரு புள்ள."

தினமும் இதே கூத்து. காவலாளி மனமிரங்கி அவர் உட்காரத் தன் கதிரையைக் கொடுத்தார். வேறு வேலை இல்லாததால் நிலூஷா மூன்று மணி நேரம் ஆங்கிலம் படித்தாள். அப்பா குடையைக் கட்டிப்பிடித்துத் தூங்கினார்.

ஆங்கிலப் பரீட்சை முடிந்து பட்டியல் ஒட்டினார்கள். அதில் மகளின் பெயரைக் காணோம்.

"வெட்டிட்டாங்க! நான் அப்பவே சொன்னேன்!" என்று ராஜலிங்கம் அலறினார்.

"அப்பா, அது பெயிலானவங்க பட்டியல்."

"அப்ப பெரட்டு வேலை செஞ்சிருக்கு," என்றார்.

இப்போது அந்த லயத்துப் பிள்ளைகள் மூவர் வளாகம் போகிறார்கள். முதல் பஸ்ஸில்தான். நடுவில் ராஜலிங்கம் தூங்குகிறார்.