நாலாவது ஸ்க்ரூ

நுவரெலியாவில் ஜனவரி மாதத்தில் விரல் மரத்துப்போனால் அதை யாரும் வியாதி என்று சொல்வதில்லை. அடுப்பில் காட்டு, சரியாகிவிடும் என்பார்கள். நானும் காட்டினேன். ஜனவரி போய், பெப்ரவரி போய், ஏப்ரலில் பூ பார்க்க வந்த கொழும்பு ஆட்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு திரும்பிப் போன பிறகும் காட்டிக்கொண்டிருந்தேன். குளிர் என் விரலில் மட்டும் தங்கிவிட்டது என்று ஜோக் அடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு நாள் கொதிக்கிற கேத்தலை அடியில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டு நின்றேன். "கை வேகுதுங்க" என்று மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

கிளினிக்கில் டொக்டர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். ஒவ்வொரு விரல் நுனியிலும் ஊசியால் குத்துவதாகவும், குத்தும்போது சொல்லவேண்டும் என்றும் சொன்னார். கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, "இன்னும் ஆரம்பிக்கலிங்களா டொக்டர்?" என்று கேட்டேன். முடித்துவிட்டிருந்தார். சர்க்கரை. பல வருஷமாக இருந்திருக்கவேண்டும் என்றார். செருப்பு போடாமல் நடக்கக்கூடாது, காலைத் தினமும் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று நிறையச் சொன்னார். எல்லாம் காலைப் பற்றியே. என் பிழைப்பு காலில் இல்லை.

நான் மெக்கானிக். இறம்பொடைப் பக்கம் இறங்குகிற ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை, அதற்குப் பின்னால் வீடு. இப்போது வருகிற கார்களுக்குக் கார்பரேட்டர் கிடையாது. கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்க்கிற பையன்கள் டவுனில் இருக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்கள் பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் மட்டும்தான். "அந்த ஆள் கைபட்டா எஞ்சின் பூனை மாதிரி உக்காந்துக்கும்" என்று அவர்களுக்குள்ளே ஒரு பேச்சு. அந்தப் பேச்சில்தான் எங்கள் வீட்டில் உலை வைக்கிறோம். ஆகவே டொக்டர் சொன்னதை மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

அப்படி இருக்கிற சமயத்தில்தான் அந்தச் சிவப்புக் கார் வந்தது. டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிற நானா கொழும்பில் வாங்கியிருந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம். இங்கிலாந்தில் செய்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், மூன்றாவதாகக் குடையைக்கூட வைக்க இடமில்லை. வயதில் அந்தக் கார் எனக்கு அண்ணன். நானாவின் வயிறும் ஸ்டியரிங்கும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. கொழும்பில் நன்றாக டியூன் பண்ணி, தேன் மாதிரி ஓடிய கார், மலை ஏற ஏறக் கறுப்புப் புகை விட ஆரம்பித்ததாம். இங்கே வந்த பிறகு, பெடலில் இருந்து காலை எடுத்தால் இருமிவிட்டு நின்றுவிடுகிறதாம். கொழும்பு மெக்கானிக் ஏமாற்றிவிட்டான் என்று நானா அவனைத் திட்டிக்கொண்டே இறங்கினார்.

அவன் ஏமாற்றவில்லை. கடல் மட்டத்தில் இருக்கிற காற்று வேறு, இங்கே இருக்கிற காற்று வேறு. இங்கே காற்று மெலிசு. கீழே சரியாக இருந்த பெற்றோல் அளவு இங்கே கூடிப்போகும். சும்மா நிற்கும்போது எஞ்சினுக்குப் பெற்றோல் விடுகிற ஒரு பித்தளைத் துண்டு இருக்கிறது, ஐடில் ஜெட் என்போம். தலைமுடி நுழைகிற அளவு ஓட்டை. அதைவிடச் சின்ன ஓட்டை உள்ளதை மாற்றி, பக்கத்தில் இருக்கிற, பெற்றோல் கலவையைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் ஸ்க்ரூவைத் திருப்பி வைத்தால் சரி. இதை நானாவுக்கு விளக்கினேன். "அப்ப ஒங்கட கைதான் வேணும் பாஸ்" என்றார். இங்கே கொத்தனாரும் பாஸ், தச்சனும் பாஸ், நானும் பாஸ். ஒரு வாரம் கேட்டேன். சாவியைக் கையில் வைத்தார். விழுந்தது. குளிர் என்றேன்.

அந்தக் காருக்கு நாலு ஜெட், நாலு ஸ்க்ரூ. ஜெட் மாற்றுவதில் சிக்கல் இல்லை, கண் இருந்தால் போதும். ஸ்க்ரூ அப்படியில்லை. முனை ஊசி மாதிரி கூராக இருக்கும். அதை உள்ளே திருப்பிக்கொண்டே போய், அடியில் தொட்டதும் நிறுத்திவிட்டு, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுக்கவேண்டும். அந்தத் 'தொட்டது' இருக்கிறதே, அதைக் கண்ணால் பார்க்க முடியாது, காதால் கேட்க முடியாது. விரல் நுனிதான் சொல்லவேண்டும். என் விரல் நுனி என்னோடு பேசுவதை நிறுத்தி மாதக்கணக்கு ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் கூப்பிட்டேன். அவள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். மழையில் இடுப்பைச் சுற்றிப் படங்குச் சாக்கு கட்டிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டு, செடியைப் பார்க்காமலே முற்றியதை விட்டு இளசை மட்டும் எடுக்கிற கை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, சின்ன ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, பொனட்டுக்குள் குனிந்தாள். மெதுவாகத் திருப்பச் சொன்னேன்.

"தொட்டுருச்சு" என்றாள்.

இன்னும் இருக்கும் என்றேன்.

"இல்லங்க. தொட்டுருச்சு."

நான் குனிந்து பார்த்தேன், என்னவோ பார்த்தால் தெரியும் போல. ஒன்றரைச் சுற்று வெளியே எடுக்கச் சொன்னேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்கு நான் வாயே திறக்கவில்லை. அவளே தொட்டு, அவளே ஒன்றரைச் சுற்று எடுத்தாள். அப்போது உலை பொங்குகிற வாசம் வந்தது. வந்துவிடுகிறேன், இருங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

இருந்திருக்கலாம். சோறு வடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் ஸ்க்ரூ டிரைவர் அங்கேயே கிடந்தது. முப்பது வருஷமாக நான் செய்கிற வேலை. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கையில் எடுத்துத் திருப்பினேன். தொட்டமாதிரி இல்லை. இன்னும் கொஞ்சம். இல்லை. இன்னும் கொஞ்சம். டக் என்று ஒரு சத்தம் வந்தது. சின்னச் சத்தம், பாக்கு கடிக்கிறமாதிரி. அடியில் தொட்டுவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்றரைச் சுற்று ஒழுங்காக எண்ணி வெளியே எடுத்தேன்.

மனைவி வந்ததும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினோம். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்பரேட்டரின் ஒவ்வொரு வாயிலும் காட்டினேன். காது இன்னும் எனக்கு விசுவாசமாகத்தான் இருக்கிறது. மூன்று இடத்தில் ஒரே மூச்சு. அவளைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பச் சொன்னால், அதற்கேற்ப எஞ்சின் ஏறியது, இறங்கியது. நாலாவதை எப்படித் திருப்பினாலும் எஞ்சின் கண்டுகொள்ளவில்லை. ஸ்க்ரூவை முழுக்கக் கழற்றினேன். ஊசிமுனை இல்லை. உடைந்து உள்ளே இருந்தது.

மனைவி அந்த மொட்டை ஸ்க்ரூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குனிந்து ஸ்பானரை எடுத்துக் கொடுத்தாள். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். கார்பரேட்டரைக் கழற்றி, காற்றடித்து, உடைந்த துண்டை வெளியே எடுக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. ஓட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குச் சந்தோஷப்படவேண்டும் என்று தெரிந்தது. சோறு சாப்பிட்டேன், மாத்திரை போட்டேன், படுத்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தால் சுவர் மாதிரியே இருந்தது உள்ளேயும்.

மறுநாள் சாயங்காலம், மனைவி தோட்டத்தில் இருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது நானா வந்தார். மேசையில் அந்த ஸ்க்ரூ இருந்தது. எடுத்துப் பார்த்தார். உடைந்திருக்கிறது என்றேன். உடைத்தது யார் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"கொழும்புக்காரன்தான் ஒடச்சி வெச்சீக்கான். எனக்கு அப்பவே தெரியும்."

நான் தலையை ஆட்டினேன். முன்னால் வேலை செய்தவன் மேல் பழியைப் போடுவது எங்கள் தொழிலில் பொய்யில் சேர்த்தி இல்லை, வணக்கம் சொல்வது மாதிரி. மனைவி துவாயோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் நானா அங்கேயே போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கிறமாதிரி ஸ்பீக்கரில் போட்டு, அந்த மெக்கானிக்கைப் பிடித்துவிட்டார். சிங்களத்தில் வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்தப் பக்கம் இருந்தவனுக்கு என் வயதுதான் இருக்கும், குரலில் தெரிந்தது. நாலையும் கழற்றிக் கழுவிப் பார்த்துத்தான் பூட்டினேன் மாத்தயா, ஒன்றும் உடையவில்லை என்று திருப்பித் திருப்பிச் சொன்னான். நானா விடவில்லை. கடைசியில் அவன் தன் மகள் மேல் சத்தியம் பண்ணினான்.

"போன வைங்க நானா" என்றேன். "நான்தான் ஒடச்சேன்."

அவர் போனை வைக்காமலே என்னைப் பார்த்தார். எப்படி என்று கேட்டார்.

"வெரலு மரத்துப்போச்சு. சர்க்கர. தொடுறது தெரியல."

நானா ஒரு வார்த்தை சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு லைனை வெட்டினார். எத்தனை நாளாக இப்படி என்றார். ஜனவரியில் இருந்து என்றேன். அவருடைய வேன் ஒன்றுக்கு ஜூன் மாதம் பிரேக் பார்த்துக் கொடுத்திருந்தேன். அதை அவர் நினைத்துக்கொள்வது முகத்தில் தெரிந்தது.

"கண்ணு மங்கினா கண்ணாடி போடலாம். வெரலுக்கு என்னா போடுற, பாஸ்?"

நான் சொல்லியிருக்கவேண்டிய ஜோக். அவர் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

மற்ற மூன்றும் எப்படிச் சரியாக இருக்கிறது என்று கேட்டார். வாசலைக் காட்டினேன். மனைவி துவாயால் முகத்தைத் துடைப்பது மாதிரி மறைத்துக்கொண்டாள். நானா அவளையும் காரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஸ்க்ரூவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முச்சக்கர வண்டி பிடித்துப் போய்விட்டார். காரை எடுத்துப்போக லொறி வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே புது ஸ்க்ரூவோடு வந்தார். அதே கொழும்புக்காரன்தான் தன்னிடம் இருந்ததைப் பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருக்கிறான். நானா என்னைக் கடந்து போய், சின்ன டப்பாவை மனைவியிடம் நீட்டினார்.

"தங்கச்சி, இத நீங்களே போடுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். போடு என்றேன். போட்டாள். தொட்டதையும் சொல்லவில்லை, சுற்றையும் கேட்கவில்லை. எஞ்சின் ஓடியது. நான் குழாயைக் காதில் வைத்து நாலு வாயிலும் கேட்டேன். நாலும் ஒரே மூச்சு. சரியாக இருக்கிறது என்றேன். நானா அவளிடம் திரும்பி, திரும்பக் கொழும்புக்கு இறங்கினால் இதே மாதிரி ஓடுமா என்று கேட்டார். அவளுக்குத் தெரியாது. ஓடாது, கீழே போனதும் பழைய ஜெட்டையே திரும்பப் போடவேண்டும், உறையில் கட்டி வைத்திருக்கிறேன் என்று நான் சொன்னேன். நானா அவளைப் பார்த்துத் தலையாட்டினார். உறையை வாங்கிக்கொண்டு ஏறினார்.

கார் வளைவில் திரும்பும்வரை சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். நல்ல சத்தம். மனைவி ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்து, இந்தாங்க என்று நீட்டினாள். கையை நீட்டி வாங்கினேன். வாங்கிவிட்டேனா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.