இரண்டாம் மாடியில் யப்பான்

படத்துக்கு லைற் பிடிக்கிறவன் படத்தில் வரமாட்டான். படம் பிழைத்தால் முதல் பேச்சு வாங்குகிறவன் அவன்தான். சூடான பல்ப்பை ஒருதரமாவது தொட்டுக் கை சுட்டுக்கொண்டவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம். ரொறன்ரோ நகர நடுவில், ஒரு தையல் தொழிற்சாலைக்கு மேலே இருந்த ஸ்ரூடியோவில் எனக்கு வேலை. யப்பானியரின் அன்றாட வாழ்க்கை என்று படம் எடுத்து அமெரிக்கக் கலண்டர்காரருக்கு விற்றோம். முதலாளி பீற்றர் யப்பானைக் கண்டதில்லை. நான் யாழ்ப்பாணத்தால் வந்து ஒரு வருடம்.

மழை

மழையில் குடையோடு நடக்கும் பெண். நடிக்க வந்தவள் லான் என்ற வியட்நாம்காரி. சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் பக்கத்து அப்பாட்மென்ற். நான் ஏணியில் நின்று, துளை போட்ட குழாயால் மழை பெய்வித்தேன். குடையோ அலங்காரக் கடைக் கடதாசிக் குடை. இரண்டு நிமிடத்தில் சிவப்புச் சாயம் கரைந்து அவள் முகம், கழுத்து, வாடகைக் கிமோனோ எல்லாம் வழிந்தது. வெறும் மூங்கில் குச்சிகளை நிமிர்த்திப் பிடித்தபடி அவள் கேட்டாள்: “யப்பானில மழை பெய்தா சனம் வெளியில வாறேல்லையோ?”

சோறு

சாப்பாட்டுப் படத்துக்கு மிஸிஸ் கெய்கோ தன் வீட்டு றைஸ் குக்கரையே கொண்டுவந்தார். அறுபதை நெருங்கியவர், எங்களிடம் இருந்த ஒரே யப்பானியர். படம் வாங்க வந்த கலண்டர்காரர், அது யப்பான் மாதிரி இல்லையென்று குக்கரை அப்பால் வைக்கச் சொன்னார். கெய்கோ அதைக் கவிழ்த்து, அடியில் ‘யப்பானில் தயாரித்தது’ என்றிருந்ததைக் காட்டினார். வந்தவர் சிரித்தார்: “அது எனக்குத் தெரியும். கலண்டர் வாங்கிறவைக்குத் தெரியாதே.”

தேநீர்

அதே கெய்கோ முழங்காலில் இருந்து, தலை குனிந்து, கணவனுக்குத் தேநீர் கொடுக்க வேண்டும். இருபது தரம் எடுத்தும் பீற்றருக்குத் திருப்தியில்லை. “இன்னும் கொஞ்சம் யப்பானியரா” என்றார். கெய்கோ கோப்பையை வைத்துவிட்டு, என் தோளைப் பிடித்து எழும்பினார். அவர் பிறந்தது வன்கூவரில். இரண்டாம் உலக யுத்தத்தின்போது கனடா அரசாங்கம் குடும்பத்தோடு முகாமுக்கு அனுப்பியதாம்; தகப்பனின் வீட்டையும் விற்றுவிட்டதாம். வெளியில் யப்பானிய மொழி பேசினால் தாய் வாயைப் பொத்துவாராம். இதையெல்லாம் சத்தம் போடாமல்தான் சொன்னார். நான் லைற்றை அணைத்தேன். கிமோனோவை மடித்து என் கையில் தந்து, பீற்றரைப் பார்த்துச் சொன்னார்: “அப்ப நாங்கள் யப்பானியரா இருந்தது பிழை. இப்ப இருக்கிறது காணாதாம்.”

குடம்

கெய்கோ பிறகு வரவில்லை. பீற்றர் என் பக்கம் திரும்பினார். அடுத்த கலண்டர் எங்கள் ஊர் வாழ்க்கையாம்; என் மனைவி சாறி உடுத்து, தலையில் குடத்தோடு நிற்க வேண்டுமாம். ஊரில் எங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர் வந்தது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் விழவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு வீட்டில் கேட்டேன். தான் வேலை செய்யும் டோனற் கடைச் சீருடையைக்கூடக் கழற்றாமல் அவள் சொன்னாள்: “வாறன். ஆனா இந்த உடுப்போடதான் நிப்பன், கேட்டுச் சொல்லுங்கோ.”

கேட்டுச் சொன்னேன், வேலையும் போகவில்லை, அந்த வருடக் கலண்டரில் எங்கள் ஊர்ப் பெண்ணாக நின்ற பிலிப்பைன்ஸ்காரி என் மனைவியைவிடத் திறமாகக் குடம் வைத்திருந்தாள்.