மூலையில் வந்த மூவார்

ஷாந்தினி செலண்டார் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு செங் என்ற ஊரில் ஒரு தாமான் குடியிருப்பில், கணவன் பிரவினோடும் மகள் தாரணியோடும் இருந்தாள். அவளும் நானும் ஒரே தொழிற்சாலை. அவள் உற்பத்தி லைனில் நிற்பாள், நான் ஸ்டோர் ஆபீஸில். கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போட்டு வருவாள். ஒரு நாள் கன்டீனில் அவளே கையை மடித்துக் காட்டினாள். முழங்கைக்கு மேல் நான்கு விரல் பதிந்த நீலம்.

"போயிடப் போறேன் சுசி. எங்கேன்னுதான் தெரியல."

அவள் போனைப் பிரவின் தினமும் வாங்கிப் பார்ப்பான். அதனால் தாரணி வீட்டுப்பாடம் செய்யும் லேப்டாப்பில், மூவார் டவுனில் அறை வாடகைக்குக் கிடைக்குமா என்று தேடியிருக்கிறாள். கட்டம் கட்டி ஏதோ கேட்டபோதெல்லாம் சம்மதம் என்று அமுக்கிவிட்டு, கடைசியில் ஹிஸ்டரியை மறக்காமல் அழித்தும் இருக்கிறாள்.

மறுநாள் அதே லேப்டாப்பில் பிரவின் பந்து விளையாட்டுச் செய்தி படித்துக்கொண்டிருந்தான். திரையின் மூலையில் 'மூவாரில் அறைகள்' என்று ஒரு விளம்பரம். வேறு பக்கம் போனான். அங்கேயும் அதே விளம்பரம்.

"என்னாது, எதைத் திறந்தாலும் மூவார்ல அறைன்னு வருது? யாரு மூவாருக்குப் போறா?"

வாயில் வந்ததைச் சொன்னாள் ஷாந்தினி. "ஸ்கூல் லீவுக்குத் தாரணியக் கூட்டிக்கிட்டு ஒரு நாள் தங்கிட்டு வரலாம்னு ஹோட்டல் பார்த்தேங்க. அங்க குச்சியில சுடுற சாத்தே நல்லா இருக்குமாம்."

அவன் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போனான். அவன் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று கன்டீனில் என்னிடம் சொன்னாள். அவள் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

"நான்தான் எல்லாத்தையும் அழிச்சேனே, எப்படி வந்துச்சு?"

"நீ அழிச்சது ஹிஸ்டரி. குக்கி வேறலா. நீ போன வெப்சைட்டும் அதுல விளம்பரம் போடுற கம்பெனியும் லேப்டாப்புக்குள்ள ஒரு அடையாளத்த விட்டுட்டுப் போயிருக்கும். அப்புறம் நீ வேற பக்கம் போனாலும், இதுதான் அறை தேடின லேப்டாப்னு அந்தக் கம்பெனி கண்டுபிடிச்சிடும். முன்னாடி உட்கார்ந்திருக்கிறது நீயா, பிரவினான்னு அதுக்குத் தெரியாது."

"அப்ப அதையும் மொத்தமா அழிச்சிடவா?"

"அழிக்கலாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே தலையை ஆட்டினாள். "வேணாம். அவரோட அக்கவுண்ட் எல்லாம் லாக் அவுட் ஆயிடும்ல? மறுபடி பாஸ்வேர்ட் கேட்டா, யாரு கை வச்சான்னு ஆரம்பிச்சிடுவாரு."

எனக்கு அது தோன்றவே இல்லை. அவன் எதைக் கவனிப்பான் என்று அவளுக்கு அத்துப்படி. என் போனை எடுத்து, அமைப்புகளுக்குள் ஒவ்வொரு தளத்தின் பெயராகத் தேடி அதன் குக்கியை மட்டும் அழிப்பது எப்படி என்று காட்டினேன். அறைத் தளமும் விளம்பரக் கம்பெனிகளும் போதும், மற்றதைத் தொட வேண்டாம்.

பிரவின் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தபோது அதைச் செய்தாளாம். தண்ணீர்ச் சத்தம் நிற்கும்போதெல்லாம் கை நின்றுவிடுமாம். முடித்ததும் மூவார் ஹோட்டல் ஒன்றைத் தேடி, தான் சொன்னதற்குச் சாட்சியாக அந்தப் பக்கத்தை மட்டும் ஹிஸ்டரியில் விட்டுவைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரவின் கார் சாவியை எடுத்தான். "கிளம்பு. மூவார்ல சாத்தே சாப்பிடணும்னு சொன்னியே."

வழியெல்லாம் தாரணி மட்டும் பின்சீட்டில் பாடிக்கொண்டு வந்தாள். கடையில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்து கேட்டான்: "எந்த ஹோட்டல் பார்த்த? காட்டு."

பெயரைச் சொன்னாள். அவன் அந்த ஹோட்டல் வாசல் வரை காரை ஓட்டிப்போய் நிறுத்தி, மேலும் கீழும் பார்த்தான். அவள் வாடகைக்குப் பார்த்து வைத்திருந்த அறை அதற்குப் பின்தெருவில்தான் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"இதுலயா தங்கணும்?" என்று சிரித்துவிட்டு வண்டியைத் திருப்பினான். நம்பினானா, நம்பாமல் விட்டுப் பிடித்தானா, இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

மூவார் இனிமேல் ஆகாது என்று ஆகிவிட்டது. அதன் பிறகு அவள் லேப்டாப்பைத் தொடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என் போனில் பிரைவேட் விண்டோ திறந்து, குக்கி கேட்கும் கட்டத்தில் மறுப்பு என்று அமுக்கி, வேறொரு ஊரில் தேடினோம். அந்த ஊர்ப் பெயரை நான் எழுதப்போவதில்லை.

ஒரு வேலை நாளில் அவள் லீவு போட்டாள். போலீஸில் ரிப்போர்ட் கொடுத்துவிட்டு, பள்ளியிலிருந்து தாரணியை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்துப் பிரவின் தொழிற்சாலை கேட்டில் நின்றான். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. "சிஸ்டர், உங்க கூடத்தானே சாப்பிடுவா? எங்க போனான்னு சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். அவன் பார்வை என் கையிலிருந்த போனுக்கு இறங்கியது. அதில் ஒன்றும் மிச்சம் இல்லை என்று தெரியும். இருந்தும் பையின் அடியில் அமுக்கி வைத்தேன். கேட்டில் காவல் இருக்கும் கார்ட் அண்ணன் வந்து அவனைப் போகச் சொல்லும்வரை பையின் வாயைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

போன வாரம் புது நம்பரிலிருந்து கூப்பிட்டாள். ஒரு ரொட்டிக் கடையில் வேலை கிடைத்திருக்கிறது. தாரணியைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தாகிவிட்டது. பின்னால் அந்தப் பிள்ளை எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவாம்மா, மெதுவா" என்று அவளை அடக்கினாள் ஷாந்தினி. பிறகு அவளே நிறுத்திக்கொண்டாள். "பாரு சுசி, இன்னும் அந்த வீட்டுல இருக்கிற மாதிரியே பேசறேன்."