சோஹாருக்குக் கூட வந்த பாதிரியார்

வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. துபாயிலிருந்து ஓமானின் சோஹாருக்கு இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். பேருந்துக்கு நூறு திர்ஹம், எல்லையில் அமீரகத்துக்கு முப்பத்தைந்து திர்ஹம், அதைத் தாண்டி ஓமான் விசாவுக்கு ஐந்து ரியால். இவ்வளவு செலவழித்து நான் கொண்டுபோனது ஒரே ஒரு துணிப்பை. அதற்குள் கறுப்பு எள், பச்சரிசி, தர்ப்பைக் கட்டு, கற்பூரம், பித்தளைச் செம்பு, என்னுடைய பூஜை நோட்டு. கூடவே, நானூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு கிராமத்துப் பாதிரியாரின் நோட்டிலிருந்து அச்செடுத்த சில தாள்கள்.

வாரநாளில் நான் ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்ட். விடுமுறை நாளில் புரோகிதன். துபாய் கராமாவின் அடுக்கு வீடுகளில் கணபதி ஹோமம் முதல் புதுக் காருக்கு எலுமிச்சம்பழம் வைப்பது வரை எல்லாம் செய்வேன். ஃபயர் அலாரம் அடிக்காமல் ஹோமம் செய்யத் தெரிந்தவன் என்று எனக்கு அங்கே ஒரு நல்ல பெயர் உண்டு. அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காக நான் திறந்துவைத்த ஜன்னல்களை எண்ணி மாளாது.

பாதிரியாரை எனக்கு அறிமுகம் செய்தவள் என் மகள். கல்லூரிப் பாடத்துக்காக அவருடைய கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள்.

"அப்பா, ஹீ இஸ் எக்ஸாக்ட்லி யூ. முன்பக்கம் ப்ரேயர், பின்பக்கம் ஷாப்பிங் லிஸ்ட்."

அது உண்மைதான். பாதிரியார் நோட்டின் முன்பக்கத்திலிருந்து ஜெபங்களையும் பிரசங்கக் குறிப்புகளையும் எழுதிக்கொண்டு வருகிறார். நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்னாலிருந்து இன்னொரு கணக்கு: பல்வலிக்கு மருந்து, குதிரைக்குக் கஷாயம், கோழி அடைக்கு உட்கார்ந்த நாள், மனைவியோடு சண்டை போட்டுச் சாப்பிடாமல் படுத்த நாள். இரண்டு எழுத்தும் நடுவில் எங்கோ முட்டிக்கொள்கின்றன. என் நோட்டிலும் முன்னால் சங்கல்பம், பின்னால் வீட்டு வாடகையும் வெங்காயமும். இந்த மனிதர் என் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் எனக்குப் பேச்சுத் துணைக்குக் குறை இருந்திருக்காது.

மாலை நாலரை. பேருந்து ஹத்தா மலைகளுக்குள் நுழைந்தது. ஒரு மரம்கூட இல்லாத பழுப்பு மலைகள். டிரைவர் பெஷாவர்க்காரர், என் பையை மேலே வைக்க விடாமல் "நீச்சே ரக்கோ, பாய்" என்று காலடியில் வைக்கச் சொல்லிவிட்டார். எள்ளும் தர்ப்பையும் காலடியில் இருப்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

நான் போகும் காரியம் முருகேசனுடையது. அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், சோஹார் துறைமுகத்தில் வெல்டர். இரண்டு வாரத்துக்கு முன் ஊரில் அவருடைய அப்பா காலமாகிவிட்டார். ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலை நடக்கிறது, இப்போது லீவு இல்லை என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. மூத்த மகன் இவர் இருக்க, தம்பி செல்வம்தான் கொள்ளி வைத்தான். வெள்ளிக்கிழமை பதினாறாம் நாள் கருமாதி. யாரோ சொல்லி என் நம்பரைப் பிடித்துக் கூப்பிட்டார்.

"கொள்ளிதான் வைக்க முடியல சாமி. கருமாதிக்காவது, தம்பி அங்க ஆத்துல பிண்டத்த விடுற அதே நேரம் நான் இங்க கடல்ல விடணும். அந்த ஒண்ணு போதும் எனக்கு."

"எத்தனை மணிக்கு வச்சிருக்காங்க?" என்று கேட்டேன்.

"ஒம்போது மணி."

"ஒன்பதுன்னு ரெண்டு பக்கமும் பேசியாச்சா?"

"பேசியாச்சு சாமி."

மாலை ஐந்தே முக்கால், வஜாஜா எல்லைச் சாவடி. சுங்க அதிகாரி என் பையைப் பிரித்தார். இந்த நாடுகளில் கசகசாவுக்குத் தடை. கறுப்பாகச் சின்னதாக எதைப் பார்த்தாலும் முகத்தைச் சுளிப்பார்கள். "சிம்சிம்" என்று எள்ளுக்கு அரபியில் சொன்னேன். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுப் பார்த்துத் தலையாட்டினார். அடுத்து தர்ப்பையைத் தூக்கிப் பிடித்தார். புல்லுக்கு அரபியில் என்ன சொல் என்று எனக்குத் தெரியும். அதே சொல் போதைப் பொருளுக்கும் பெயர் என்பதும் தெரியும். "ப்ரேயர்" என்று மட்டும் சொல்லிக் கையைக் கூப்பினேன். பாதிரியாரின் தாள்களைப் புரட்டிப் பார்த்தவர், அதுவும் ப்ரேயரா என்று கேட்டார். பாதிதான் ப்ரேயர் என்றேன். சிரித்துக்கொண்டே பையைத் திருப்பிக் கொடுத்தார்.

எல்லையிலிருந்து சோஹார் அறுபது கிலோமீட்டர் இருக்கும். வெளிச்சம் போகிறவரை பாதிரியாரைப் படித்தேன். எனக்குப் பிடித்த பக்கம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் பஞ்சாங்கம் ஒன்று, கடலுக்கு அந்தப் பக்கத்து ஊர்கள் பலவற்றின் பஞ்சாங்கம் வேறொன்று. இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம். பாதிரியாரின் ஊர்ப் பெண் ஒருத்தியின் கணவன் துணி வியாபாரத்துக்காகக் கடல் தாண்டிப் போயிருக்கிறான். அவள் வந்து கேட்கிறாள்: ஐயா, அவர் ஒரு நாளில் ஈஸ்டர் கொண்டாடுகிறார், நான் வேறொரு நாளில் கொண்டாடுகிறேன், நாங்கள் கொண்டாடுவது ஒரே பண்டிகைதானா? பாதிரியார் கேள்வியை எழுதியிருக்கிறார். பதிலுக்கு அரைப் பக்கம் விட்டிருக்கிறார். அந்த அரைப் பக்கம் இன்றுவரை காலிதான். அடுத்த பக்கத்தில் வால்நட் காய் ஊறுகாய்.

முதல் தடவை படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தொழிலில் இருப்பவனுக்கு அந்த அரைப் பக்கம் நன்றாகப் புரியும். ஊரைவிட்டு வந்தவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு எந்தச் சாஸ்திரத்திலும் பக்கம் திருப்பிக் காட்ட முடியாது. என் நோட்டின் நடுவில் ஓர் அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன். ராகு காலம், எமகண்டம், திதி எல்லாவற்றுக்கும் இந்திய நேரம் ஒரு வரிசை, வளைகுடா நேரம் ஒரு வரிசை. இங்கே ஒன்றரை மணி நேரம் பின்னால். அந்த அட்டவணை கையில் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் சோஹார் போய்ச் சேர்ந்தேன்.

ஃபலஜ் அல் கபாயில் என்ற இடத்தில் இறங்கியபோது ஏழு மணி. முருகேசன் காத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், நல்ல உயரம். பங்களாதேஷ்காரர் சலூனில் போய் அன்றைக்கே தலையை மழித்திருந்தார். பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். ரூமில் ஆறு கட்டில். மற்றவர்கள் எழுந்து எனக்கு ஒரு கட்டிலை ஒழித்துக் கொடுத்தார்கள். காரியம் முடியும்வரை ரூமில் கறி, மீன் சமைப்பதில்லை என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் மலையாளிகள், ஒருவர் நேபாளி. சாம்பார் சாப்பிட்டுச் சாப்பிட்டு நாக்கு செத்துவிட்டது என்று நேபாளி இந்தியில் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். ஆனாலும் அவர்தான் மறுநாள் பிண்டத்துக்குச் சாதம் வடிக்க முதலில் எழுந்தவர்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை. இங்கே விடுமுறை நாள். ஒரு பழைய பிக்கப்பில் ஊருக்கு வெளியே, மீன்பிடிப் படகுகள் இழுத்துவைத்திருக்கும் கடற்கரைக்குப் போனோம். கூட்டம் இல்லை. அலையும் பெரிதாக இல்லை. மணலில் இலை விரித்து, சாதத்தையும் எள்ளையும் பிசைந்து பிண்டம் பிடித்து வைத்தேன். முருகேசன் குளித்து ஈர வேட்டியோடு உட்கார்ந்தார். ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது செல்போனைச் செம்பில் சாய்த்து நிறுத்தி, தம்பிக்கு வீடியோ போட்டார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் செல்வத்தின் முகம் வந்தது. பின்னால் ஆறு இல்லை, வீட்டுச் சுவர். ஆட்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா, இன்னும் ஆத்துக்குப் போகலையா?" என்றார் முருகேசன்.

"போயிட்டு வந்தாச்சுண்ணே. ஒம்போதுக்கு ஆரம்பிச்சோம். பத்தரைக்கு ராகு காலம்ல, அதுக்குள்ள முடிச்சிட்டோம்."

"என்னைக் கூப்பிடலையேடா."

"நீங்கதானே கூப்பிடுவீங்க. நாங்க என்னைக்கு உங்களக் கூப்பிட்டிருக்கோம்? டூட்டில இருக்கீங்க, அதான் லைன்ல வரலன்னு நெனச்சோம்."

இரண்டு பக்கமும் ஒன்பது என்றுதான் பேசியிருக்கிறார்கள். தம்பி ஊர் ஒன்பதைச் சொல்லியிருக்கிறான், அண்ணன் இந்த ஊர் ஒன்பதைக் கேட்டிருக்கிறார். வீட்டிலிருந்து கூப்பிடக் கூடாது, நான்தான் கூப்பிடுவேன் என்பது வளைகுடாவில் வேலை செய்கிற ஒவ்வொருவனும் வீட்டில் போட்டு வைத்திருக்கிற சட்டம். அங்கிருந்து தானாக அழைப்பு வந்தால் கெட்ட செய்தி என்று அர்த்தம். அந்தச் சட்டத்தை அன்றைக்கும் மீறாமல் இருந்துவிட்டார்கள். எல்லாவற்றையும் இரண்டு வரிசையாக எழுதி வைத்திருக்கும் நானும், யாருடைய ஒன்பது என்று கேட்கவில்லை.

முருகேசன் அழவில்லை. இலையில் இருந்த பிண்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முடிஞ்சிருச்சு சாமி," என்று எழுந்தார். "இதுக்கும் நான் இல்ல. எல்லாத்தையும் எடுத்துக் கட்டிருங்க. கலாஸ்."

இந்த ஊரில் எது முடிந்தாலும் சொல்கிற சொல் அது. ஷிஃப்ட் முடிந்தால் கலாஸ், தண்ணீர் தீர்ந்தால் கலாஸ். அப்பாவின் காரியத்துக்கும் அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை. திதி இன்னும் இருக்கிறது, இந்த ஊர்க் கணக்குக்கு ராகு காலம் இன்னும் வரவில்லை, செய்யலாம் என்று என் அட்டவணையைக் காட்டிச் சொல்லிப் பார்த்தேன்.

"அது உங்களுக்குக் கணக்கு சாமி. அப்பாவுக்கு ஆத்துல விட்டாச்சு. போனவர இன்னொரு தடவ எங்கிட்டு அனுப்புறது?"

கேள்வி நியாயமான கேள்வி. பாதிரியாரின் அரைப் பக்கம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அவரிடம் கேட்ட பெண்மணியும் இப்படித்தான் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள்.

செல்போன் அணைக்கப்படவில்லை. திரையில் செல்வத்தின் கையிலிருந்து அவன் செல்போனை யாரோ வாங்குவது தெரிந்தது. முருகேசனின் அம்மா.

"ஏன்யா, உக்காந்து எந்திரிக்கிற? ஏன் முடிஞ்சிருச்சுங்கிற?"

"அங்க எல்லாம் செஞ்சு முடிச்சிட்டீங்களேம்மா. காக்கா எடுத்துச்சா?"

"வச்ச ஒடனே எடுத்திருச்சு."

"அப்புறம் என்ன. அப்பா சாப்பிட்டுட்டாரு."

அந்த அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சாப்பிட்டா என்னய்யா? அந்த மனுசன் ரெண்டாந்தரம் சோறு போட்டா வேணாம்னு எந்தக் காலத்துல சொன்னாரு? கல்யாண வீட்டுல ரெண்டு பந்தியிலயும் உக்காந்து என் மானத்த வாங்குனவரு. இங்க சாப்பிட்டுட்டு, பெரியவன் என்ன வச்சிருக்கான்னு பாக்க அங்கதான் வந்துக்கிட்டிருப்பாரு. நீ எடுத்துக் கட்டிட்டீன்னா வெறுங்கையோட நிப்பாரு. போடுய்யா சோத்த."

முருகேசன் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே உடைந்து அழுதார். பந்தியில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது திரையில் தெரிந்தது. நானும் அழுதேன். புரோகிதன் அழக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் யாரும் அங்கே இல்லை.

"சாமி, ஆரம்பிங்க," என்று மறுபடி உட்கார்ந்தார்.

ஆரம்பித்தேன். அப்பா, தாத்தா பெயர் அவருக்குத் தெரியும். அதற்கு மேல் ஒரு பெயர் அம்மா அங்கிருந்து சொன்னார். எள்ளும் தண்ணீரும் விட்டார். இடுப்பளவு நீரில் இறங்கிப் பிண்டத்தை விட்டார். திரும்பி வந்து இலையில் மிச்சச் சாதத்தை மணலில் வைத்தபோது, படகில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஓமானி முதியவர் பக்கத்தில் வந்து என்ன என்பதுபோல் பார்த்தார். "பாபா" என்று முருகேசன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, கையை ஊர்ப் பக்கமாக நீட்டினார். முதியவர் புரிந்துகொண்டு, "அல்லா யர்ஹமா" என்று போனவருக்காகக் கருணை வேண்டிவிட்டுத் தன் படகுக்குத் திரும்பினார். சோஹார் கடற்கரையில் காகங்களுக்குக் குறைவில்லை. இரண்டு வந்தன. அம்மாவுக்குத் தெரியும்படி முருகேசன் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்.

"பாத்தியா," என்றார் அந்த அம்மாள்.

மாலை நாலு மணிப் பேருந்தில் துபாய் திரும்பினேன். முருகேசன் வந்து ஏற்றிவிட்டார். ரூமில் மீன் குழம்பு வைக்கலாமா என்று நேபாளி கேட்கச் சொன்னதாகச் சொன்னார். இன்றைக்கு வேண்டாம், நாளையிலிருந்து வைக்கட்டும் என்றேன். இந்த ஊரில் எனக்குத் தெரிந்த பெரும்பாலோர் இரண்டு கடிகாரங்களில் வாழ்கிறோம். ஒன்று டூட்டிக்கு, ஒன்று வீட்டுக்கு. இரண்டும் ஒரே நேரம் காட்டாத குறையை நாள்தோறும் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறோம். கராமாவில் என் சமையலறைச் சுவரில்கூட இரண்டு மாட்டியிருக்கிறேன்.

ஹத்தா மலைகளில் வெளிச்சம் இருந்தபோதே பையிலிருந்து தாள்களை எடுத்தேன். என் நோட்டின் அட்டவணைக்குக் கீழே, 'யாருடைய மணி என்று முதலில் கேட்கவும்' என்று குறித்துக்கொண்டேன். பிறகு பாதிரியாரின் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, அவர் காலியாக விட்டிருந்த அரைப் பக்கத்தில் பென்சிலால் எழுதினேன்: 'அந்த மனுசன் ரெண்டாந்தரம் சோறு போட்டா வேணாம்னு எந்தக் காலத்துல சொன்னாரு?' கீழே, 'சொன்னவர்: முருகேசனின் அம்மா, அறந்தாங்கிப் பக்கம்' என்று போட்டேன்.